வயர்லெஸ் இன்டர்நெட் சோதனைக்கு வந்தால்: முதல் வாரத்து "சூப்பர்" மூன்றாம் மாதம் ஏன் மாறுகிறது?

பெரியம்மா வீட்டுக்கு ரவுட்டர் வந்தது ஆவணி மாதம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஒட்டுசுட்டானுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே இறங்கும் கிரவல் ரோட்டில் அவருடைய வளவு இருக்கிறது. ஒரு நிறுவனம் பக்கத்து டவரில் புதிய வயர்லெஸ் அகலப்பட்டைச் சேவையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியிருந்தது. ஊரில் சில வீடுகளைத் தெரிந்தெடுத்து ரவுட்டரை இலவசமாகக் கொடுத்து, இரண்டு மாதம் பாவித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டது. முதல் வாரம் நான் போனபோது, படலையைத் திறக்க முதலே பெரியம்மா முற்றத்தில் நின்று சொன்னார்: "சூப்பரா வேலை செய்யுது தம்பி. கனடாவில இருந்து பிள்ளை கதைச்சா பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

கார்த்திகையில் அதே பெரியம்மா போன் எடுத்தார். "இது ஒண்டுக்கும் உதவாது தம்பி. வட்டம் சுத்திக்கொண்டு நிக்குது. கழட்டிக்கொண்டு போகச் சொல்லு."

அதே டவர், அதே ரவுட்டர், அதே வீடு. இரண்டு பதிலும் உண்மைதான். அப்படியென்றால் நடுவில் என்ன மாறியது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. மாங்குளத்தில் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோப் பிரதி, ரீலோட், பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்களில் சிலர் சொப்பின் பையில் ரவுட்டரையும் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இது நல்லதோ கூடாதோ, ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்கிறார்கள். ரவுட்டரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. எந்த நேரம், எந்த இடத்தில், எத்தனை பேரோடு பங்குபோட்டுப் பாவிக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் சொல்லலாம்.

வயர்லெஸ் அகலப்பட்டை என்றால்

வீட்டுக்கு இணையம் வர இரண்டு வழி. ஒன்று, கம்பி அல்லது ஃபைபர். இன்னொன்று, டவரிலிருந்து காற்று வழியாக வரும் அலை. வன்னியில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் காடு, குளம், வயல் கிடக்கிறது. ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவில் ஒரு ஏக்கர் இருக்கும். பத்து வீட்டுக்காக எட்டு மைல் ஃபைபர் இழுக்க எந்த நிறுவனமும் இலகுவில் வராது. ஒரு டவரை நட்டால் சுற்றியுள்ள பல ஊர்களுக்கும் கவரேஜ் கிடைக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் "வீட்டு இன்டர்நெட்" என்றாலே பெரும்பாலும் டவரைப் பார்த்து நிற்கும் ஒரு ரவுட்டர்தான்.

இது புதுக் கதையும் இல்லை. போர் முடிந்து மீளக்குடியேறிய காலத்தில் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த போன் சிடிஎம்ஏ. பார்க்க வீட்டுத் தொலைபேசி போல இருக்கும், ஆனால் பின்னால் கம்பி இராது, ஒரு குட்டி அன்டெனா இருக்கும். அதை கணினியில் பொருத்தினால் இணையமும் வரும். அந்தத் தொழில்நுட்பத்தின் உச்ச வேகமே நொடிக்கு 153 கிலோபிட். இன்றைய கணக்கில் ஒரு வாட்ஸ்அப் குரல் அழைப்பைத் தாங்கும், வீடியோவைத் தாங்காது. நாட்டில் 3ஜி 2006இலேயே வந்துவிட்டது. வீட்டுக்கான 4ஜி 2012 முடிவில் தொடங்கியது. எங்களுக்கு இவையெல்லாம் 2009க்குப் பிறகு, ஒவ்வொன்றாக, பிந்தித்தான் வந்து சேர்ந்தன. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கையில் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் "இனி எல்லாம் சரி" என்று நம்பினோம். அந்த நம்பிக்கையில் பிழை இல்லை. என்ன வருகிறது என்று அளந்து பார்க்கும் வழிதான் எங்களிடம் இருக்கவில்லை.

வேகம் என்று சொல்லும் எண்ணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடையில் தினமும் வரும் குழப்பம் இது. நிறுவனம் சொல்லும் "எம்பிபிஎஸ்" நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. நாங்கள் பதிவிறக்கும் கோப்பு மெகாபைட் கணக்கு. எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 10 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 ஜிபி படம் இறங்க, எல்லாம் ஒழுங்காக நடந்தால், 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்குப் பத்து எம்பி இறங்கும் என்று நினைத்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று வந்தவர்கள் கனபேர்.

பரீட்சார்த்தம் எதற்கு?

நிறுவனத்துக்கு இரண்டு விடயம் தெரிய வேண்டும். முதலாவது, தொழில்நுட்பம்: அலை எவ்வளவு தூரம் போகிறது, எந்த ரவுட்டர் சூடாகிறது, டவரில் என்ன கோளாறு வருகிறது. இதை அவர்களுடைய பொறியியலாளர்களே அளந்துகொள்வார்கள். இரண்டாவது, மனிதர்கள்: எதற்குப் பாவிக்கிறார்கள், எந்த நேரம் பாவிக்கிறார்கள், மாதம் எவ்வளவு காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். இதை எங்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாங்கள் பரீட்சார்த்தத்தை ஓர் அன்பளிப்பாகப் பார்க்கிறோம். அது ஒரு கேள்வி. எங்களுடைய பதிலை வைத்துத்தான் அந்த டவருக்கு எவ்வளவு கொள்ளளவு வைப்பது, பொதி விலை என்ன, இந்த ஊருக்குச் சேவையைத் தொடர்வதா என்றெல்லாம் முடிவெடுப்பார்கள். அந்தப் பதிலை அலட்சியமாகக் கொடுத்தால் நட்டம் எங்களுக்கு.

துருசும் வாய்க்காலும்

பெரியம்மா வீட்டில் மாறியதில் பெரிய பங்கு இதற்கு. எங்கள் ஊர் விவசாயிக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, தண்ணீரை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும்.

குளத்தின் துருசை, அதாவது மதகை, திறந்தால் வாய்க்காலில் ஓடும் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. அந்த வாய்க்காலில் மூன்று வயல் மட்டும் விதைத்திருந்தால் மூன்றும் பொங்கி வழியும். வாய்க்கால் நீளத்துக்கும் விதைத்தால் கடைசி வயலுக்குச் சேறுதான் மிஞ்சும். அதனால்தான் சிறுபோகத்துக்கு முன்னால் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, இந்த முறை ஆளுக்கு இவ்வளவுதான் விதைக்கலாம் என்று பங்கு பிரிக்கிறோம். கூட்டம் வைக்காமல் எல்லோரும் விதைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

டவரும் அப்படித்தான். டவரின் உச்சியை நிமிர்ந்து பாருங்கள். நீளமாக, ஒடுங்கலாக நிற்கும் பலகைகள் தெரியும். வழக்கமாக அவை மூன்று திசைக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து நிற்கும். ஒவ்வொரு திசையும் ஒரு வாய்க்கால். கூடவே மத்தளத்தின் முகம் போல வட்டமாகச் சில பெட்டிகள் தெரியும். அவை வீடுகளுக்கானவை இல்லை. இந்த டவரை அடுத்த டவரோடு, அதன் வழியாகக் கொழும்போடும் வெளியுலகத்தோடும் இணைப்பவை. அதுதான் துருசு. சில டவர்களில் அந்த வேலையை ஃபைபர் செய்யும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. ஒரு திசைக்கு மொத்தமாக 60 எம்பிபிஎஸ் இருக்கிறது என்று வையுங்கள். பரீட்சார்த்த காலத்தில் அந்தத் திசையில் 12 வீடு. இரவு எட்டரைக்கு அதில் ஐந்து வீடு ஒரே நேரத்தில் பாவித்தால் ஒவ்வொன்றுக்கும் 12 எம்பிபிஎஸ். தாராளம். சோதனை முடிந்து விற்பனை தொடங்கி, அதே திசையில் 80 வீடு சேர்ந்து, எட்டரைக்கு நாற்பது வீடு திறந்தால் ஆளுக்கு ஒன்றரை. பெரியம்மாவின் "சூப்பர்" மூன்று வயல் விதைத்த வாய்க்காலில் இருந்து வந்த பதில். கார்த்திகையில் வந்தது வாய்க்கால் முழுக்க விதைத்த பிறகு வந்த பதில்.

எங்கள் ஊர்களில் எட்டரைக்கு ஏன் இவ்வளவு நெரிசல் என்றும் பாருங்கள். பிள்ளைகளின் சூம் வகுப்பு அந்த நேரம். சின்னத்திரை நாடகம் அந்த நேரம். இங்கே இரவு எட்டரை என்றால் ரொறன்ரோவில் காலை பத்து அல்லது பதினொன்று. அங்குள்ளவர்கள் வீட்டுக்குப் பேசும் நேரமும் அதுதான். வயல் வேலை, தோட்ட வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கையில் போனை எடுக்கிறார்கள்.

இதில் வெளியே தெரியாத இன்னொரு நுணுக்கம் உண்டு. சிக்னல் மோசமாகக் கிடைக்கும் வீடு, அதே வீடியோவைப் பார்க்க, சிக்னல் நன்றாக இருக்கும் வீட்டைவிடப் பல மடங்கு நேரம் அலையைப் பிடித்து வைத்திருக்கும். கசியும் கிளை வாய்க்கால் போல. அதனால் ஒரு வீட்டில் ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னால் வைப்பது அந்த வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, பக்கத்து வீட்டின் பங்கையும் தின்கிறது.

விளம்பரத்தில் வரும் "வரை" என்ற சொல்லையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள சாதாரண 4ஜி அலைவரிசை ஒன்றின் கொள்கையளவு உச்சம் சுமார் 150 எம்பிபிஎஸ். டவருக்குக் கிட்ட நின்று, தனியொருவராகப் பாவித்தால் அதை நெருங்கலாம். "150 வரை" என்பது பொய் இல்லை. ஆனால் அது துருசடியில் அளந்த அளவு, உங்கள் வரம்படியில் அளந்தது இல்லை.

அலை எங்கே தேய்கிறது

எல்லா அலையும் ஒன்று இல்லை. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர், ஒன்றரைச் சாண். 3500 மெகாஹேர்ட்ஸ் அலை 8.6 சென்ரிமீற்றர், நாலு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூட. நீள அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். குறுகிய அலை வேகமான சேவைக்கு வசதியானது, ஏனென்றால் அந்தப் பகுதியில்தான் அகலமான அலைவரிசை கிடைக்கிறது. ஆனால் தடை வந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். புதிய அகலப்பட்டைச் சேவைகள் பெரும்பாலும் 2300 மெகாஹேர்ட்ஸிலும் அதற்கு மேலும் வருவதால், "போனில் கவரேஜ் முழுக்க இருக்கு, ரவுட்டரில் மட்டும் இல்லை" என்ற முறைப்பாடு வருகிறது. போன் பிடித்திருப்பது வேறு அலையாக இருக்கலாம்.

பெரியம்மா வளவின் டவர்ப் பக்கம் ஒரு வரிசைத் தேக்கு. ஆவணியில் அது இலை கொட்டி வெறும் கொப்பாக நின்றது. கார்த்திகையில் மழை கண்டு, கைவிரித்தாற்போல அகன்ற இலைகள் நனைந்து தொங்கின. இந்த அலைகளை மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை, ஆனால் நனைந்த இலை நன்றாகவே தடுக்கும். மழைக்கு இன்டர்நெட் போகிறது என்று நாங்கள் சொல்வதில் ஒரு பங்கு இலையால் வருவது. இன்னொரு பங்கு, கரண்ட் போய் டவரின் பற்றரி இறங்குவதால் வருவது.

வீட்டுக் கூரையும் முக்கியம். தகரம் அலையை மறிக்கும். ஓடு அவ்வளவு மறிக்காது. மீள்குடியேற்ற காலத்தில் கட்டிய எத்தனையோ வீடுகளில் இன்னும் ஒரு பக்கம் தகரம் இருக்கிறது. ரவுட்டர் பூட்ட வந்த பொடியன் பிளக் இருந்த இடத்தில், உள்ளறையில், தகரச் சாய்ப்புக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருந்தான். அன்றைக்கு மரம் மொட்டையாக நின்றதால் அதுவும் வேலை செய்தது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் சிக்னல் அளவு ஒரு மறை எண்ணாகத் தெரியும். −80 என்றால் நல்லது. −100 சுமார். −110ஐத் தாண்டினால் கஷ்டம். பெரியம்மாவின் உள்ளறையில் கார்த்திகை மழையில் −107 காட்டியது. நீட்டு வயர் ஒன்று கொண்டுபோய் ரவுட்டரை விறாந்தை யன்னல் ஓரம் வைத்தேன். −97. பத்துத்தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். இந்தக் கணக்கில் பத்து என்றால் கிடைக்கும் அலையின் வலு பத்து மடங்கு. ஆறடி நகர்த்தியதற்கு.

ஏன் எல்லோரும் "நல்லது" என்கிறோம்

தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு மனிதர்களுக்கு வருவோம். பரீட்சார்த்தத்தில் சொல்லப்படும் கருத்துகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கப் பல காரணம் உண்டு.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வோம். மாட்டின் வயதைப் பல்லில்தான் பார்ப்பார்கள். காசு கொடுத்து வாங்குகிறவன் வாயைத் திறந்து பார்க்கலாம், சும்மா வாங்குகிறவன் பார்ப்பது மரியாதை இல்லை. நல்ல பண்புதான். ஆனால் பரீட்சார்த்த ரவுட்டர் தானம் இல்லை. பல்லைப் பாருங்கள் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டால் சோதனையே பாழ்.

அப்புறம், கேட்க வருகிறவர் யார் என்பதும் இருக்கிறது. வெயிலில் மோட்டார்சைக்கிளில் வந்து, முற்றத்துக் கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு "எப்படி அம்மா இருக்கு?" என்று கேட்கும் பிள்ளையிடம் "கூடாது" என்று சொல்ல எங்களில் யாருக்கு வாய் வரும்? அவன் மனம் நோகும் என்று "நல்லா இருக்கு ராசா" என்கிறோம். கருத்துக் கணிப்புச் செய்கிறவர்களுக்கு இது நன்கு தெரிந்த சங்கதி. அதனால்தான் சேவை கொடுத்தவரும் கருத்துக் கேட்பவரும் வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

முன்னைய நிலையோடு ஒப்பிடுவதும் உண்டு. நேற்றுவரை கிணற்றுக் கட்டில் ஏறி நின்று கவரேஜ் பிடித்தவருக்கு 5 எம்பிபிஎஸ் சொர்க்கம். யாழ்ப்பாணத்தில் ஃபைபர் பாவித்துவிட்டு விடுமுறைக்கு வந்த மருமகனுக்கு அதே 5 எரிச்சல். ஒரே வேகம், இரண்டு பதில். முதல்முறை கிடைத்த மகிழ்ச்சி சில கிழமையில் ஆறிவிடும். அதன் பிறகு வருவதுதான் சேவையைப் பற்றிய பதில், அதற்கு முதல் வருவது மாற்றத்தைப் பற்றிய பதில்.

எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருவது கடைசிக் காரணம்: யாரிடம் கேட்கிறார்கள் என்பது. பெரியம்மா வீட்டில் கருத்துப் படிவத்தை நிரப்பியவர் பெரியப்பா. அவர் பகல் பத்து மணிக்கு யூடியூப்பில் செய்தி பார்ப்பவர். அந்த நேரம் டவர் காலி. ஐந்துக்கு ஐந்து போட்டார். இரவு எட்டு மணிக்குக் கணித வகுப்பில் இருக்கும் பேத்தியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். 2020, 2021இல் பாடசாலை பூட்டிக் கிடந்தபோது நாடு முழுக்கப் பிள்ளைகள் கவரேஜ் தேடி மரத்திலும் மலையிலும் ஏறினார்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் குளக்கட்டில் குந்தியிருந்து படித்தார்கள். இணையம் யாருக்கு மிகவும் தேவை என்று அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தும் படிவம் குடும்பத் தலைவரிடமே போகிறது.

அந்தப் பிள்ளையின் பிரச்சினையும் வேறு. "ஸ்பீட் முப்பது காட்டுது, ஆனா சேர் வெட்டி வெட்டிக் கதைக்கிறார், நான் கதைச்சா சேருக்குக் கேக்கேல்லையாம்" என்றாள். வேகச் சோதனையில் பெரிதாகத் தெரியும் எண் பதிவிறக்கம். நாங்கள் பேசுவது மறுபக்கம் போக வேண்டியது பதிவேற்றம். டவரிலிருந்து கீழே வர நிறைய இடமும், மேலே போகக் கொஞ்ச இடமும்தான் ஒதுக்கியிருப்பார்கள். மேலதிகமாக "பிங்" என்று ஒன்று இருக்கிறது. ஒரு சிறு தகவல் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். அது 40 மில்லிசெக்கனில் ஒரே சீராக நின்றால் வகுப்பு ஓடும். ஒருமுறை 40, அடுத்தமுறை 600 என்று துள்ளினால் வேகம் எவ்வளவு இருந்தாலும் குரல் வெட்டும். சூம் வகுப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் சீராகக் கிடைத்தாலே போதும். முப்பது தேவையில்லை, சீர்தான் தேவை. பெரியப்பாவின் யூடியூப்புக்கு இது தெரியாது, ஏனென்றால் வீடியோ முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டுதான் ஓடும்.

ஒரு சீஆர் கொப்பி

சரி, என்ன செய்யலாம்? பேத்தியிடம் ஒரு சீஆர் கொப்பியைக் கொடுத்து ஐந்து கோடு கீறச் சொன்னேன். நேரம், வேகம், சிக்னல், வானம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம். ஒரு கிழமைக்கு எழுதினாள். ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

காலை 6.00, 31, −98, வெயில், ஒன்றும் இல்லை.
பகல் 2.00, 14, −107, மழை, தாத்தா செய்தி.
மாலை 4.30, 22, −99, மப்பு, ஒன்றும் இல்லை.
இரவு 8.30, 2.8, −98, மழை இல்லை, கணித வகுப்பு, வெட்டினது.
இரவு 11.45, 27, −98, மழை இல்லை, படம் இறக்கினது.

இந்த ஐந்து வரியை நிதானமாகப் பாருங்கள். பகல் இரண்டு மணிக்கு வேகம் குறைந்தபோது சிக்னலும் குறைந்தது. அது நனைந்த தேக்கு. ரவுட்டரை நகர்த்தியோ, கூரைக்கு மேலே ஒரு தடியில் வெளி அன்டெனா பூட்டியோ நாங்களே சரிப்படுத்தலாம். பிறகுதான் விறாந்தைக்கு மாற்றினோம். ஆனால் இரவு எட்டரைக்குச் சிக்னல் காலையில் இருந்த அதே −98. வேகம் மட்டும் 31இலிருந்து 2.8க்கு விழுந்துவிட்டது. அது நெரிசல். நாங்கள் ரவுட்டரைப் பனை உச்சியில் கொண்டுபோய் வைத்தாலும் சரிவராது. நிறுவனம்தான் டவரில் கொள்ளளவைக் கூட்ட வேண்டும், அல்லது கொழும்புப் பக்கம் போகும் துருசைப் பெருப்பிக்க வேண்டும்.

"நெட் ஸ்லோ" என்று முறைப்பாடு கொடுத்தால் "ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணிப் போடுங்கோ" என்று பதில் வரும். இந்தப் பக்கத்தைக் காட்டினால் அந்தப் பதிலுக்கு இடம் இல்லை. இதே யோசனையை அறிஞர்களும் கையாண்டிருக்கிறார்கள். கொழும்பிலுள்ள லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் சென்னை ஐஐடியோடு சேர்ந்து அகலப்பட்டைத் தரத்தை அளந்தபோது ஒரே ஒருமுறை அளந்துவிட்டுப் போகவில்லை. ஒரு நாளில் பல நேரங்களில் அளந்தார்கள். பாதையையும் துண்டு துண்டாகப் பிரித்தார்கள்: வீட்டிலிருந்து சேவை நிறுவனம் வரை, நாட்டுக்குள், நாட்டுக்கு வெளியே என்று. எந்தத் துண்டில் தடக்குகிறது என்று தெரியாமல் யாரையும் குறைசொல்ல முடியாது. நாங்கள் போனில் செய்யும் வேகச் சோதனை பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே உள்ள ஒரு சேர்வரோடு பேசிவிட்டு எண்ணைச் சொல்கிறது. ரொறன்ரோ அழைப்பு கடலடிக் கேபிளைத் தாண்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வேகச் சோதனை சும்மா நடப்பதில்லை, டேட்டாவைத் தின்னும். வேகமான இணைப்பில் ஒரு தடவைக்கு நூறு எம்பியைத் தாண்டலாம். அளவான பொதி என்றால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும்.

கையெழுத்து வைக்க முதல்

இலவச காலம் முடிந்து பொதி எடுக்கச் சொல்வார்கள். அப்போது நான் கேட்கச் சொல்வது இவைதான். மொத்த ஜிபியில் எவ்வளவு எந்நேரமும் பாவிக்கலாம், எவ்வளவு நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லும்? இரவு டேட்டாவைச் சேர்த்துப் பெரிய எண்ணாகக் காட்டுவது வழமை, பிள்ளையின் வகுப்புக்கு அது உதவாது. "அன்லிமிட்டெட்" என்றால் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள்? ரவுட்டர் யாருக்குச் சொந்தம், பழுதானால் யார் பொறுப்பு? இடையில் விட்டால் காசு கட்ட வேண்டுமா? கரண்ட் போனால் டவர் எவ்வளவு நேரம் நிற்கும்? கடைசிக் கேள்விக்கு விற்பனைக்கு வருகிறவரிடம் பதில் இராது, ஆனாலும் கேளுங்கள். பத்து வீடு கேட்டால் மேலே போய்ச் சேரும். நிறுவனத்தோடு பேசித் தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அலைவரிசைக்கு அனுமதி கொடுப்பதும் அவர்கள்தான்.

செய்மதி இணையத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வகைச் செய்மதி சுமார் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால் ஒரு கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி ஆகும். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீற்றரில் சுற்றுவதால் அந்தத் தாமதம் பெரிதாக இல்லை. டவர் இல்லாத உட்காட்டு ஊருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும், மரம் மறைத்தால் வெட்டும். அங்கே கடும் மழை உண்மையாகவே அலையைத் தின்னும், ஏனென்றால் அது இன்னும் உயர்ந்த அலைவரிசை. விலையும் ஒரு விவசாயக் குடும்பம் தனியாகத் தாங்கக்கூடியதாக இல்லை. வாசிகசாலையோ பாடசாலையோ எடுத்துப் பங்குபோட்டால் சரிவரலாம். பங்கு என்று வந்துவிட்டால் திரும்பவும் வாய்க்கால் கணக்குத்தான்.

மார்கழித் தொடக்கத்தில் நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். பெரியம்மா "நல்லா இருக்கு" என்று தொடங்கிவிட்டார். பேத்தி உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அவன் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தான், எட்டரை மணி வரிகளை விரலால் தொட்டு எண்ணினான், பிறகு போனை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தான். "எல்லா வீட்டிலயும் இப்பிடி எழுதினா எங்களுக்கும் மேல சொல்ல லேசு அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமியும் ஒரு கொப்பி வாங்கிவிட்டார்.

கொப்பி இப்போது விறாந்தை யன்னலில், ரவுட்டருக்குப் பக்கத்தில், ஒரு ஆணியில் நூல் கட்டித் தொங்குகிறது. போன கிழமை போனபோது கடைசி வரியைப் பார்த்தேன். எழுத்து பேத்தியுடையது இல்லை, பெரியம்மாவுடையது: "இரவு 8.30. 3.1. மகள் எடுத்தவள். முகம் நிண்டிட்டுது, குரல் மட்டும் கேட்டது."